ஆமைக் கணக்கு

இலங்கையில் ஆமை என்றால் எல்லோர் கண்ணும் கடற்கரைக்குத்தான் போகும். கொஸ்கொடையில் முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் மணற்பாத்திகள், ரெக்காவைக் கரையில் நள்ளிரவில் ஏறிவரும் பச்சை ஆமைகள், விளக்கை அணைத்துவிட்டுக் காத்து நிற்கும் சுற்றுலாப் பயணிகள் என்று படம் விரியும். உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் கரைகளில் முட்டையிடுகின்றன. ஆகவே அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் உப்புக்காற்றே படாத சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலும் ஆமைகள் உண்டு. இறப்பர் மலையடிவாரத்துச் சதுப்பிலும், பீலித்தண்ணீர் ஓடிச் சேரும் ஓடையிலும், வயல் வாய்க்காலிலும் அவை காலங்காலமாக வாழ்கின்றன. அவற்றில் ஒன்று இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதைப் பார்க்க எந்தச் சுற்றுலாப் பயணியும் வருவதில்லை.

இலங்கையின் உள்நாட்டில் இயற்கையாக வாழும் ஆமைகள் மூன்று வகை: பாலாமை, காராமை, நட்சத்திர ஆமை. இரத்தினபுரி மாவட்டம் என்ற ஒரே எல்லைக்குள் மூன்றுக்கும் இடமிருக்கிறது. மாவட்டத்தின் மேற்குப் பாதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. சிவனொளிபாத மலைச் சரிவில் பிறந்துவரும் களுகங்கையும் அதன் கிளைகளும் பாயும் இந்தப் பக்கம் பாலாமைக்கும் காராமைக்கும் உரியது. தென்கிழக்கே பலாங்கொடையைத் தாண்டி, எம்பிலிப்பிட்டி, உடவளவை என்று இறங்க இறங்க நிலம் காய்ந்து புல்லும் முட்செடியுமாகிறது. அங்கே நட்சத்திர ஆமை. சில மணிநேர பஸ் பயணத்தில் ஈரநிலத்து ஆமையிலிருந்து வறள்நிலத்து ஆமைக்குப் போய்விடலாம்.

தீவுக்கே உரியது என்று சொன்னது பாலாமையைத்தான். இந்தியாவிலும் பாலாமை உண்டு. நெடுங்காலம் இரண்டும் ஒரே இனமென்றே கருதப்பட்டன. 2011இல் மரபணு ஒப்பீட்டை வைத்து இந்த ஆமைக் குடும்பத்தை மறுவகைப்படுத்திய ஆய்வாளர்கள், இலங்கைப் பாலாமை தனி இனம் என்று முடிவு கட்டினார்கள். தோட்டத்துக் கானில் சேறு வாரும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் உயிர் தமிழ்நாட்டுக் குளத்து ஆமையின் நெருங்கிய உறவினர்தான். ஆனாலும் அது வேறு உயிர்.

கையில் எடுத்துப் பார்த்தால் இதன் உடலமைப்பு வியப்புத் தரும். மற்ற ஆமைகளின் ஓட்டில் நகத்தின் பொருளாலான செதில்கள் கட்டம் கட்டமாக இருக்கும். பாலாமைக்குச் செதில் கிடையாது. எலும்பின் மேல் வழவழப்பான தோல் போர்த்தியிருக்கும். வயிற்றோட்டின் பின்பக்கம் இரண்டு தோல்மடல்கள் உண்டு. காலை உள்ளே இழுத்ததும் அந்த மடல்கள் மேலெழுந்து மூடிக்கொள்ளும். மூக்கு குழாயாக நீண்டிருப்பதால், உடல் முழுக்கச் சேற்றில் புதைந்திருக்க, நுனியை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சு விடும். தண்ணீருக்குள் இருக்கும்போது தொண்டை மெல்லத் துடிப்பதைக் காணலாம். தொண்டையின் உட்சவ்வும் மேல்தோலும் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை ஓரளவுக்கு உறிஞ்சும். நத்தை, தவளை, மீன், செத்த பிராணி, நீர்ச்செடி என்று எதையும் தின்னும். ஓடை வற்றினால் சேற்றுக்குள் இறங்கி மழை வரும்வரை அசையாமல் கிடக்கும்.

காராமை அதைவிடக் கரடுமுரடானது. கறுத்த ஓட்டின் மேல் முன்னிருந்து பின்னாக மூன்று மேடுகள் ஓடும். இலங்கைக் காராமையின் தலையில் செம்மஞ்சள் புள்ளிகள் சிதறியிருக்கும். குஞ்சுகளில் அவை பளிச்சென்று தெரியும். தண்ணீரில் வாழ்ந்தாலும் இரவிலும் மழையிலும் கரையேறி நெடுந்தூரம் நடக்கும். பெருமழைக்கு மறுநாள் காலையில் பாதையில் தென்படுவது பெரும்பாலும் இதுதான்.

நட்சத்திர ஆமை தண்ணீரில் இறங்காத தரையாமை. ஒவ்வொரு செதிலிலும் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் விரியும். புல்வெளியில் அசையாமல் இருந்தால் காய்ந்த புல்லின் நிழலோடு கலந்து கண்ணுக்கு மறைந்துவிடும். அதன் குவிந்த ஓட்டுக்குள் ஒரு கணிதமும் இருக்கிறது. எப்படிப் போட்டாலும் தானே உருண்டு நிமிரும் ஒரு திண்மப் பொருளை, கொம்பொச் என்ற பெயரில், ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் டொமொகோஷ், வார்கொன்யி இருவரும் 2006இல் உருவாக்கினார்கள். பின்னர் ஆமை ஓடுகளை அளந்து பார்த்தபோது, நட்சத்திர ஆமையின் ஓடு அந்த வடிவத்துக்கு மிக அருகில் வருவதைக் கண்டார்கள். மல்லாக்க விழுந்தாலும் தலையையும் காலையும் சிறிது அசைத்தால் போதும், ஓட்டின் வளைவே நிமிர்த்திவிடும். ஓட்டின் அழகே அதற்கு எமனுமாயிற்று. செல்லப்பிராணிச் சந்தைக்காக ஆயிரக்கணக்கில் கடத்தப்பட்டதால் 2019இல் சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் இணைப்புக்கு அதை மாற்றினார்கள். அதற்காகக் குரல் கொடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

இந்த மண்ணில் ஆமைக்குப் பழைய பட்டா உண்டு. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் மரக்கட்டைகளை அடுக்கி மண்சரியாமல் தடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அடியில், இல்லம் எனப்படும் கூழாங்கற்படை வரும். அதை வாரியெடுத்துக் கூடையில் அரித்தால்தான் நீலமும் புஷ்பராகமும் தெரியும். கல்லோடு சேர்ந்து எலும்பும் பல்லும் கூட வந்தன. 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் தேடிச் சேகரித்தார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் என்று இன்று தீவில் இல்லாத பிராணிகள் இங்கே வாழ்ந்ததை அவர் நிறுவியது இந்த எச்சங்களை வைத்துத்தான். குருவிட்டவில் கிடைத்த பற்களைக்கொண்டே இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டார். இவையெல்லாம் பிளைஸ்டோசீன் யுகத்தைச் சேர்ந்தவை. அந்த யுகம் சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்து நன்னீர் ஆமைகளின் எச்சங்களையும் தெரணியகல விவரித்திருக்கிறார். இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றி 1939இல் அவர் எழுதிய பெரிய நூல் இன்றும் ஆய்வாளர்களுக்குத் தேவைப்படுகிறது. நீர்யானை போயிற்று, சிங்கம் போயிற்று, பாலாமையும் காராமையும் தங்கிவிட்டன.

தங்கியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆமை இனத்தின் பொதுவான இரகசியம் இரண்டு: ஓடு, நிதானம்.

ஓட்டை ஆமையின் வீடு என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வரலாம். ஓட்டை விட்டு ஆமை வர முடியாது. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றோடொன்று இணைந்ததே மேலோடு. மற்ற முதுகெலும்புப் பிராணிகளில் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும். ஆமையில் அது உள்ளே போய்விட்டது. முட்டைக்குள் கரு வளரும்போது விலா எலும்புகள் கீழ்நோக்கி வளையாமல் பக்கவாட்டில் முதுகுத்தோலுக்குள் நீள்வதால் இது நேர்கிறது. விலா அசையாது என்பதால் நெஞ்சை விரித்து மூச்சு வாங்க ஆமைக்கு வழியில்லை. வயிற்றுக்குள் இருக்கும் தசைப்பட்டைகள் சுருங்கி விரிந்துதான் நுரையீரலுக்குக் காற்றைத் தள்ளி இழுக்கின்றன. ஓட்டுக்குள் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. ஓட்டு விளிம்பில் துளைபோட்டுக் கயிறு கட்டினால் ஆமைக்கு வலிக்கும். துளை வழியே கிருமியும் ஏறும்.

இந்த விசித்திரம் ஒரே நாளில் வந்ததல்ல. சீனாவில் கிடைத்து 2008இல் விவரிக்கப்பட்ட ஒடொன்டோகெலிஸ் என்ற 22 கோடி ஆண்டுப் பழமையான ஆமைக்கு வயிற்றோடு முழுதாக இருந்தது, மேலோடு இல்லை. தென்னாபிரிக்காவின் யூனோடோசோரஸ் 26 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதற்கு ஓடே கிடையாது, விலா எலும்புகள் மட்டும் அகன்றிருந்தன. அகன்ற விலா ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் இடைஞ்சல். பிறகு எதற்காக வந்தது? மண்ணைத் தோண்டும்போது உடல் ஆடாமல் ஊன்றி நிற்க அது உதவியிருக்கும் என்று 2016இல் ஓர் ஆய்வுக்குழு வாதிட்டது. அப்படியானால் பாதுகாப்புக் கவசம் பிறகு வந்த பயன். தொடக்கம் மண்வெட்டி வேலை.

இரண்டாவது இரகசியமான நிதானத்தில்தான் ஆமையின் பலமும் பலவீனமும் சேர்ந்திருக்கின்றன. மிருகக்காட்சிசாலைகளில் வளர்ந்த 52 ஆமை இனங்களின் பதிவேடுகளை அலசி 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி இனங்களில் முதுமை மிக மெதுவாகவே வருகிறது, அல்லது வருவதாகவே தெரியவில்லை. மனிதருக்கு வயது ஏற ஏற இறக்கும் வாய்ப்பு கிடுகிடுவென்று கூடும். பல ஆமைகளுக்கு அப்படிக் கூடுவதில்லை. வயதான பெண்ணாமையும் தொடர்ந்து முட்டையிடும்.

இதற்கு ஆமை கொடுக்கும் விலை, தாமதமான பருவம். இடும் முட்டைகளில் பெரும்பாலானவை உடும்புக்கும் கீரிக்கும் நாய்க்கும் போகும். பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை கொக்குக்கும் மீனுக்கும் போகும். அப்படியும் இனம் தழைத்ததற்குக் காரணம், தப்பிப் பிழைத்த ஒரு பெண் பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஆண்டுதோறும் முட்டையிட்டதுதான். கொழுந்தை இன்றைக்குப் பறித்தால் அடுத்த வாரம் துளிர்க்கும், தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கினால் மலை மொட்டையாகும். முட்டையும் குஞ்சும் கொழுந்து, வளர்ந்த ஆமை செடி.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பெருந்தலைக் கடலாமைகளை வைத்து குரௌஸ், குரௌடர், காஸ்வெல் மூவரும் 1987இல் வெளியிட்ட கணக்கு ஆமைப் பாதுகாப்பையே திசைதிருப்பியது. கரையில் இடப்படும் முட்டைகள் அத்தனையையும் காப்பாற்றினாலும், வளர்ந்த ஆமைகளும் வளர்ந்துவரும் பெரிய குட்டிகளும் இறால் வலைகளில் செத்துக்கொண்டிருந்தால் இனம் மீளாது என்றது அது. ஆமை வெளியேறுவதற்கான கதவு இறால் வலைகளில் பொருத்தப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கிய காரணம். 1993இல் கொங்டனும் சகாக்களும் மிச்சிகனில் ஒரு நன்னீர் ஆமையைப் பற்றி எழுதினார்கள். அந்த ஆமை பருவமடைய 14 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. வளர்ந்த ஆமைகளின் சாவு ஆண்டுக்குச் சிறிதளவு கூடினாலும், குஞ்சுகளின் தொகை அதை ஈடுகட்டாது என்று அவர்கள் காட்டினார்கள்.

ஆமையை நேசித்தவர்களும் இந்த நிதானத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னையில் கல்லூரி மாணவியாக இருந்தபோது பாம்புப் பண்ணைக்கு உதவப் போன ஜே. விஜயா, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளராக உருவானார். 1912இல் விவரிக்கப்பட்டு, பிறகு எவர் கண்ணிலும் படாதிருந்த காட்டாமை ஒன்றை 1982இல் கேரளக் காட்டில் காடர் பழங்குடியினரின் துணையோடு கண்டுபிடித்தார். 1987இல் முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். 2006இல் அந்த ஆமைக்கு விஜயாகெலிஸ் என்று பேரினப் பெயர் சூட்டினார்கள்.

சப்ரகமுவ வாசகருக்கு விஜயாவின் இன்னொரு வேலை நெருக்கமானது. அவர் இந்தியப் பாலாமையின் முட்டைகளையும் கவனித்தார். பாலாமையின் முட்டை உருண்டையாக, கெட்டி ஓட்டோடு இருக்கும். மண்ணுக்குள் புதைந்த முட்டையில் கரு உடனே வளர்ந்துவிடாது. இடையில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பல மாதம் காத்திருக்கும். குஞ்சு வெளிவரும் வேளையைத் தூண்டுவதில் ஓசைக்கும் பங்கிருக்கலாம் என்று 1983இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மழைக்காலத்தை நம்பி வாழும் உயிருக்கு, நிலம் நனைந்து இளகும் நேரத்தில் வெளிவருவது உயிர்ப்பிரச்சினை. வெள்ளாமைக்காகவோ கட்டடத்துக்காகவோ ஓடைக்கரை மண்ணைப் புரட்டும்போது பல மாதத்துக் காத்திருப்பு ஒரு நொடியில் முடிந்துபோகிறது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

விஜயாவின் சமகாலத்தவர் சதீஷ் பாஸ்கர் இந்தியக் கரைகளை நடந்தே அளந்த கடலாமை ஆய்வாளர். 1982இல் பருவமழை மாதங்களை இலட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகக் கழித்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு போத்தலில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் அதைக் கண்டெடுத்து, மெனக்கெட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார். கடிதமும் போய்ச் சேர்ந்தது.

ரெக்காவையில் நடந்ததும் பாடம் தருவது. 1993இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புத் திட்டத்தினர், அதுவரை முட்டை திருடி விற்று வாழ்ந்தவர்களையே சம்பளத்துக்கு வைத்துக் கூடுகளைக் காவல்காக்கச் செய்தார்கள். முட்டையைத் தோண்டி வேறிடம் கொண்டுபோகாமல் இட்ட இடத்திலேயே காத்தார்கள். ஆமை எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று அறிந்தவர்கள் அவர்கள்தானே. உள்நாட்டு ஆமைகளைப் பொறுத்தவரை அந்த அறிவு கான் வெட்டுபவர்களிடமும், விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களிடமும், மாணிக்கக் குழியில் இறங்குபவர்களிடமும் இருக்கிறது. அவர்களைக் கேட்டுத்தான் யாரும் வரவில்லை.

சப்ரகமுவ ஆமைக்கு வரும் ஆபத்துகள் பலவற்றில் கெட்ட எண்ணமே கிடையாது. மாணிக்கக் குழியை வேலை முடிந்ததும் மூட வேண்டும். அதற்கென்றே தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை அனுமதிப்பத்திரத்தோடு வைப்புப்பணமும் வாங்குகிறது. மூடாமல் விட்ட குழியில் விழுந்த காராமைக்கு ஏறிவரச் செங்குத்துச் சுவரில் பிடிப்பில்லை. இறப்பர் தொழிற்சாலையில் பாலை உறைய வைக்கும் அமிலத்தோடு வெளியேறும் கழிவுநீர், சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் விழுந்தால் நத்தையும் மீனும் முதலில் போகும், அவற்றைத் தின்ற ஆமை பிறகு போகும். பாதையில் வாகனச் சில்லு. அங்கங்கே கறிச்சட்டி.

பிறகு நம்பிக்கைகள். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பது நம் வாயில் பழகிய பழமொழி. நீதிமன்ற உத்தரவோடு கடன்காரனை வெளியேற்ற வரும் அமீனாவை அஞ்சலாம். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு லயத்து வாசலில் ஏறி நிற்கும் ஆமையோ ஒதுங்க இடம் தேடி வந்தது. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாத வெள்ளங்களைக் கண்ட இரத்தினபுரியில் தண்ணீர் மனிதர்களையே கூரைக்கு ஏற்றியது. ஆமை வாசலுக்கு வந்ததில் அபசகுனம் என்ன இருக்கிறது?

அன்பும் ஆபத்தாவதுண்டு. தண்ணீர் சுத்தமாக இருக்குமென்று கிணற்றில் ஆமையை விடுவது பல ஊர்களில் உள்ள வழக்கம். புழுவையும் அழுகலையும் அது தின்னும், உண்மை. அதன் கழிவும் அதே தண்ணீரில்தான் கலக்கும். வெயில் காய இடமில்லாத ஆமைக்கு எலும்பு நோகும். முட்டையிட மண் கிடையாது, சோடி கிடையாது. இருபது ஆண்டு உயிரோடிருந்தாலும் ஒரு குஞ்சும் அதனால் பிறக்காது. இனத்தின் கணக்கில் கிணற்றில் விட்ட பெண்ணாமையும் சட்டியில் வெந்த பெண்ணாமையும் ஒரே பக்கத்தில்தான் எழுதப்படும். தொட்டியில் வளர்ப்பதும் அப்படியே. கடையில் வாங்கிய செங்காது ஆமை இன்னொரு தொல்லை. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அது உலகின் மோசமான ஊடுருவல் உயிரினங்கள் நூறின் பட்டியலில் இருக்கிறது. குட்டியாக அழகாயிருக்கும், பெரிதானதும் அலுத்துப்போய் ஓடையில் விடுவார்கள். அங்கே நம் ஆமையின் இரைக்கும் வெயில் காயும் கல்லுக்கும் அது போட்டிக்கு வரும்.

1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்த ஆமைகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடுக்கின்றன. சட்டம் லயத்துக் கோடி வரை வந்து நிற்பதில்லை. அங்கே வேலை செய்வது கணக்குத்தான். ஆமைக்காகத் தொட்டி கட்ட வேண்டாம், குஞ்சு பொரிக்க வைக்க வேண்டாம், தீனி வாங்க வேண்டாம். வளர்ந்த ஆமை சாகாமல் இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். கான் வெட்டும்போது அகப்பட்டால் சேற்றோடு வாரி வீசாமல் அதே கானின் மேற்பக்கத்தில் விடலாம். கைவிட்ட குழியில் ஒரு மரக்கிளையைச் சாய்த்து வைத்தால் விழுந்தது ஏறிவரும். காயம்பட்டதை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். பாதையில் கண்டால் தூக்கி, அது எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விட வேண்டும். பாதுகாப்பான ஓடை என்று நாம் நினைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், பழகிய இடத்தைத் தேடி அது திரும்ப நடக்கும். வந்த பக்கமே திருப்பிவிட்டாலும், நாம் போனபின் மறுபடி அதே பாதையைக் கடக்கத்தான் வரும்.